பலாமரத்தை நகர்த்திய குற்றம்

ஐயா, அம்மையீர்,

சிறுவர்களுக்குக் கதை எழுதி, அக்கதைக்குப் படமும் வரைகின்ற ஒருவனைத் தேடி வீட்டுக்கு யார் வருவார்கள் என்று தாங்கள் கருதுகிறீர்கள்? கையெழுத்துக் கேட்டுக் குழந்தைகள் வருவார்கள் என்று கருதினால், தங்கள் நல்லெண்ணத்துக்கு என் வணக்கம். என்னைத் தேடி வந்த முதல் வாசகர் ஒரு மரத்தை வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போக வந்தவர்.

அன்று சனிக்கிழமை. சங்கராபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் காலை வேளையில் ஓர் இருசக்கர வாகனம் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை மரவள்ளிக் கொல்லையின் செம்மண். வேட்டிக்கும் வயிற்றுக்கும் நடுவே சுருட்டிச் செருகிய ஒரு புத்தகம். நான் எழுதி வரைந்த ‘கரடிக்கு ஒரு சுளை’தான் அது என்பதை அட்டையின் மஞ்சள் நிறத்தைக் கொண்டே அறிந்துகொண்டேன். உடனே உட்புறம் திரும்பி, “சரோஜா, காபி ரெண்டு!” என்று சற்று உரக்கவே சொன்னேன். அண்டை வீட்டாருக்கும் செய்தி எட்டட்டும் என்பது என் உள்நோக்கம்.

வந்தவர் செருப்பைக் கழற்றவில்லை. புத்தகத்தின் நடுப்பக்கத்தை விரித்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“இன்னாங்கய்யா இது?”

“கரடி” என்றேன்.

“கரடி கெடக்குதுங்க. மரம் யாரு பக்கம் நிக்குது, பாருங்க.”

பார்த்தேன். நடுவில் ஒரு வரப்பு. வரப்புக்கு இப்புறம் ஒரு கொல்லை, அப்புறம் ஒரு கொல்லை. பலாமரம் வலப்பக்கத்துத் தாளில், வரப்பை விட்டு நன்றாக விலகி நின்றது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கரடி.

“எங்கண்ணன் பக்கம் நிக்குதுங்க. அவரு அந்தப் பக்கத்தப் பிரிச்சி எடுத்து லேமினேஷன் போட்டு வெச்சிக்கினு, சர்வேயரய்யாவே எனக்குன்னு அளந்து போட்டுட்டாருன்னு ஊரெல்லாம் காட்டிக்கினு கீறாரு. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். திங்கக்கெழம ரம்பக்காரன் வரான். எனக்கு இல்லாத மரம் யாருக்கும் வேணாம்.”

காபி வந்தது. அவர் தொடவில்லை. இரண்டு குவளையையும் நானே குடிக்க நேர்ந்தது.

ஆட்டின் உரிமையாளர் யார்?

இவ்விடத்தில் என் கையைப் பற்றிச் சில சொற்கள் சொல்லியாக வேண்டும். இத்தொடரைப் புதிதாகக் கையில் எடுத்திருக்கும் அன்பர்கள், ஒரு கதைப்புத்தகத்தை எவரேனும் பட்டாவைப் போலக் காட்டிக்கொண்டு திரிவார்களா என்று வியக்கக்கூடும்.

நான் ஓவியம் பயின்றவன் அல்லன். நில அளவைத் துறையில் சங்கிலி இழுக்கும் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, பிறகு தேர்வுகள் எழுதி, நில அளவராக உயர்ந்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு நிலத்துக்கும் அதன் வரப்பு, கிணறு, கல் ஆகியவற்றை அளந்து வரையும் படத்துக்குப் புலப்படம் என்று பெயர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என் பேனா அதைத்தான் வரைந்தது. நிலத்தில் இல்லாததை வரையக்கூடாது, இருப்பதை விடக்கூடாது. இது துறையின் விதி. நாளடைவில் என் விரல்களின் விதியும் ஆயிற்று.

பணியில் சேர்ந்த புதிதில், கச்சிராயபாளையம் பக்கம் ஒரு கொல்லையை அளந்தபோது, நடுவில் ஓர் ஆடு நகராமல் நின்றது. இருப்பதை விடக்கூடாது அல்லவா? ஆட்டையும் வரைந்துவிட்டேன். மேலதிகாரி சிவப்பு மையில் எழுதித் திருப்பியனுப்பினார்: ‘மேற்படி ஆட்டின் உரிமையாளர் யார், எவ்வகை அனுபவ உரிமையில் நிற்கிறது என்று விசாரித்து அறிக்கை தருக.’

அவர் கேலி செய்கிறார் என்பது எனக்கு அக்காலத்தில் விளங்கவில்லை. நான் மெய்யாகவே சென்று விசாரித்தேன். ‘ஆடு சந்தையில் விற்கப்பட்டுவிட்டபடியால் படத்திலிருந்து நீக்கலாம்’ என்று பணிவுடன் அறிக்கையும் கொடுத்தேன். அவ்வறிக்கையை அலுவலகத்தில் வாய்விட்டுப் படித்தார்கள். பல ஆண்டுகள் கழித்து வேறொரு வட்டத்துக்கு மாறுதலாகிச் சென்றபோதும், எனக்கு முன்னதாக அந்த ஆடு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

கரடியா, கட்டிலா?

ஓய்வு பெற்ற பின்னர் நான் சிறுவர் நூல் வரையத் தொடங்கியதற்கு என் மனைவி சரோஜாவே காரணம். அவள் அங்கன்வாடியில் பணி செய்தவள். அங்கே குழந்தைகளுக்கென்று வந்த புத்தகங்களில் பனிமனிதனும் ஆப்பிள் மரமும் இருந்தன. “கல்வராயன் மலையில கரடி கீது, நம்ம புள்ளைங்களுக்குத் தெரியல. பனிக்கரடி தெரியுது. நீங்கதான் வூட்டுல சும்மா ஒக்காந்துக்கினு கோடு இழுக்கறீங்களே, ஒரு கரடியத்தான் இழுங்களேன்” என்றாள்.

இழுத்தேன். முதல் கரடியை மேலிருந்து பார்த்தவாறு வரைந்தேன். வேறெவ்விதமும் எனக்குப் பழக்கமில்லை. நிலத்தை எவரும் பக்கவாட்டில் வரைவதில்லை. மூலையில் வடக்கு எத்திசை என்று காட்டும் அம்புக்குறியையும் மறவாமல் இட்டேன்.

சரோஜா தாளை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். “இன்னாங்க இது, கரடியா, கட்டிலா?”

“கரடி. மேலிருந்து பார்க்கிறோம்.”

“கொழந்த எதுக்குங்க கரடி மேல ஏறிக்கினு பாக்கணும்? அம்பு வேற! கரடிக்கு வடக்கு தெரிஞ்சி இன்னா ஆகப்போவுது?”

கரடியைப் பக்கவாட்டில் காண்பதற்காகக் கரியாலூருக்கு நான்கு முறை பேருந்தில் ஏறிப்போய் வந்தேன். அருவிக்கு வந்த சுற்றுலாப் பயணிகளைத் தாராளமாகக் கண்டேன். கரடி காட்சி கொடுக்கவில்லை. ஈற்றில், கரடி மரத்தைக் கட்டிப் பிடிக்கும் பாங்கு எப்படியிருக்கும் என்று அறியும்பொருட்டு, கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொல்லைப்புறத்து முருங்கை மரத்தைச் சற்று நேரம் தழுவி நிற்குமாறு சரோஜாவையே வேண்டிக்கொண்டேன். அவளும் நின்றாள். அது கம்பளிப்பூச்சிக் காலம் என்பதை இருவருமே கருதவில்லை.

அடுத்த வீட்டு அம்மாள் மதில்மேல் எட்டிப் பார்த்து, “இன்னா டீச்சர், வேண்டுதலா?” என்று கேட்டாராம். அரிப்பு மூன்று நாள் இருந்தது. கரடியின் முகத்தில் ஒரு கோபம் தெரிவதாகப் பின்னாளில் பலர் பாராட்டினார்கள். அக்கோபம் என் கற்பனை அன்று. நேரில் கண்டு வரைந்தது.

இரண்டு பின்கள்

கரடிக்கு ஒரு பலாமரம் வேண்டியிருந்தது. எனக்குக் கற்பனை வராது என்பதை மேலே ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆகவே, பல ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் நான் அளந்து பிரித்துக் கொடுத்த ஒரு நிலம் நினைவுக்கு வந்தது. அண்ணன் சவரிமுத்து, தம்பி ஆரோக்கியசாமி என்னும் இருவருக்கு அவர்கள் தந்தையார் காலத்திலேயே நடந்த பாகப்பிரிவினை. வரப்பின் மேலேயே நின்ற பலாமரத்தின் அடியில் அமர்ந்துதான் அன்று குறிப்பெழுதினேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழம் அறுத்துக் கொடுத்தார்கள். சுளையின் மணம் அன்றைய அளவுப் புத்தகத்தில் நெடுநாள் இருந்தது.

அந்நிலத்தை அப்படியே வரைந்தேன். பின்னால் மலை முகடு, சாய்ந்த மோட்டார்க் கொட்டகை, தலை உடைந்த அளவுக்கல் உட்பட. கதைப்புத்தகத்தில் தம் கொல்லையை ஒருவர் அடையாளம் காண்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. புத்தகம் அவ்வூர் அங்கன்வாடியை எட்டிய அன்றே ஊர் முழுவதும் அடையாளம் கண்டுகொண்டது. கொட்டகையின் கூரையில் ஓர் ஓடு குறைந்திருப்பதுகூடச் சரியாக இருக்கிறது என்றார்களாம்.

தவறு நேர்ந்தது கள்ளக்குறிச்சியில், அச்சகத்தில். அச்சகத்தார் கமலநாதன் தொழிலில் கெட்டிக்காரர். மரம் வரப்பின் மேல், ஆகையால் படத்தின் நட்டநடுவில், ஆகையால் தாளின் மடிப்பில் இருந்ததைக் கண்டு உதட்டைப் பிதுக்கினார்.

“சார், நடுப்பக்கத்துல ரெண்டு பின்னு அடிக்கணும். ஒண்ணு கரெக்டா கரடி நெத்தியில எறங்கும். இன்னொண்ணு அடிமரத்துல. மரத்த அப்பிடியே வலது பக்கம் நாலு வெரக்கட நவுத்திடுங்க. சூப்பரா இருக்கும்.”

ஐயா, ஊரில் பெரிய மனிதர்கள் என்னிடம் கல்லை நகர்த்தச் சொல்லியிருக்கிறார்கள். அன்பாகவும் சொல்லியிருக்கிறார்கள், வேறு விதமாகவும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு விரற்கடை நகர்த்தியவன் அல்லன் நான். அப்படிப்பட்ட நான், கமலநாதன் தேநீர் வரவழைத்துக் கொடுப்பதற்குள் மரத்தை நகர்த்திக் கொடுத்துவிட்டேன். சூப்பராக இருக்கும் என்ற சொல் அதுவரை என் படங்களைப் பற்றி எவரும் சொல்லக் கேளாத சொல்.

பூசை முடிந்த பின்

சனிக்கிழமைக்கு மீள்வோம். புத்தகத்தோடு வந்து நின்ற தம்பி ஆரோக்கியசாமியிடம், “திங்கட்கிழமைக்குமுன் நான் நேரில் வருகிறேன். அதுவரை பொறுத்திருங்கள்” என்றேன். “வாங்க, வந்து மரத்துக்கு மாலை போடுங்க” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் நான் புறப்படும்போது சரோஜாவும் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். நீ எதற்கு என்று கேட்டேன். “தனியா வுட்டா இன்னொரு மரத்த நவுத்திட்டு வருவீங்க” என்றாள்.

நாங்கள் பேருந்தை விட்டு இறங்கியபோது ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மக்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மாதா கோயிலின் ஒரு கதவு வழியாக அண்ணன் வந்தார். மறு கதவு வழியாகத் தம்பி வந்தார். பார்த்த பேரெல்லாம் எங்களோடு கொல்லைக்கு நடந்தார்கள்.

சவரிமுத்து மூத்தவர், நிதானமானவர். பளபளக்கும் அந்த லேமினேஷன் தாளை வெள்ளைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். “வாங்க சர்வேயரய்யா. உங்க கை பட்ட கோடு. தப்பு வராதுன்னு எனக்குத் தெரியும்” என்றார். அச்சொல் எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். நானோ அந்தத் தாளைப் பார்க்காமல் கயிறு கேட்டேன்.

தலை உடைந்த கல்லிலிருந்து எதிர்க்கல் வரை ஒரு சணல் கயிற்றைப் பிடிக்கச் சொன்னேன். ஒரு முனை அண்ணன் கையில், மறு முனை தம்பி கையில். கயிறு நேராக வந்து அடிமரத்தில் முட்டி நின்றது. மரம் இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாத பருமன். விரலால் இரு முறை அளந்தேன். நடுமையத்திலிருந்து தம்பியின் பக்கம் ஐந்து விரற்கடை கூடுதலாக இருந்தது.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நான் இப்போது அரசு அளவர் அல்லன்; என் அளவை எங்கும் செல்லாது; ஆயினும் என் படம் பொய், மரம் இருவருக்கும் நடுவில்தான் நிற்கிறது, அச்சகத்தில் பின் அடிப்பதற்காக நானே அதை நகர்த்தினேன் என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்.

ஒருவரும் நம்பவில்லை.

“பின்னு அடிக்கறதுக்கா?” என்றார் கூட்டத்தில் ஒருவர். “நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்கய்யா. வேற எதனா நல்ல காரணமா சொல்லுங்க.”

ஆரோக்கியசாமி கயிற்றைக் கீழே போட்டார். “எங்கப்பன் காலத்துல இதே மனுசன், கலெக்டரு வந்து சொன்னாலும் கல்ல நவுத்த மாட்டேன்னாருப்பா. கவருமெண்டுக்கு நவுத்தாதவரு அச்சாபீசுக்கு நவுத்திட்டாரு!”

சிரிப்பு எழுந்தது. என் முப்பது ஆண்டு உத்தியோகம் அச்சிரிப்பில் அமிழ்ந்து போவதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சரோஜா முன்னால் வந்தாள். “நான் சொல்றேங்க. பின்னுதான் காரணம். அதுல நிக்கற கரடியே நான்தான். என்ன நாலு வெரக்கட தள்ளி நிறுத்தனது எனக்குத் தெரியாதா?” என்றாள். முருங்கை மரத்துக் கதையை அரிப்புடன் சேர்த்து முழுவதும் சொன்னாள். அதன் பிறகுதான் ஊர் நம்பியது.

சவரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப அவனுக்குத்தான் அஞ்சு வெரக்கட ஜாஸ்தியா?” என்றார்.

அவர் மனைவி சூசையம்மாள் கையை நீட்டிப் பேசினார்: “அஞ்சு வெரக்கடையில இன்னா காய்க்கும்? ஒரு மூக்குத்தி காய்க்குமா? ஒங்களுக்குச் சக்கர. ஒரு சுளை தின்னா டாக்டரு கத்தறாரு. மரம் மட்டும் மொத்தமா வேணும்!”

“பழத்துக்கா கேட்டேன்?” என்றார் அவர். துண்டால் அந்தத் தாளை மீண்டும் சுற்றினார். “எங்கப்பன் நட்டது. என்னத் தோள்மேல வெச்சிக்கினு தண்ணி ஊத்தனாரு. புஸ்தகத்துல எம்பக்கம் வந்துதா… சரி, ஒரு தரமாச்சும் எழுத்துல எனக்குன்னு வந்துதேன்னு…”

கூட்டத்தின் சிரிப்பு நின்றது. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் அவரும் இறங்கி வரவில்லை.

“படம் திருந்தி வரட்டும்” என்றார். “வர்ற வரைக்கும் ரம்பக்காரன நிறுத்தி வெக்கறேன். வரலன்னா மரம் கீழ. யாரும் ஒரு பிஞ்சுகூடத் தொடக்கூடாது.”

நடுத்தாள்

கமலநாதன் கையைத் தலையில் வைத்துக்கொண்டார். எஞ்சிய புத்தகங்கள் எல்லாம் பின் அடித்துக் கட்டிக் கிடந்தன. நடுத்தாள் ஒன்றை மட்டும் புதிதாக அச்சிட்டு, பழைய பின்னைக் கழற்றி, தாளை மாற்றி, மறுபடியும் அடிப்பது என்று முடிவாயிற்று. சரோஜாவும் நானும் அச்சகத்தின் தரையில் அமர்ந்து நாள்கணக்கில் பின் கழற்றினோம். மைவாடையில் அவளுக்குத் தலைவலி வந்தது. எனக்கு விரல் நகங்கள் போயின.

இம்முறை மரத்தை அது நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். கரடியை இடப்புறத்திலிருந்து மரத்தைத் தழுவ வைத்து, வலப்புறம் தலையை நீட்டி எட்டிப் பார்க்கச் செய்தேன். நெற்றி பின்னுக்குத் தப்பியது. இரண்டு பின்களும் அடிமரத்தில் இறங்கின. “கெட்டுப்போச்சு சார். மரத்துக்கு ஆணி அடிச்ச மாதிரி கீது” என்றார் கமலநாதன். கெட்டுத்தான் போயிற்று. ஆனால் புலப்படத்தில் கையெழுத்திடுவதுபோல, நான் அச்சமின்றிக் கையெழுத்திடக்கூடிய படம் அது.

இரு பிரதிகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் மலையடிவாரத்துக்குப் போனோம். யாருக்கு முதலில் கொடுத்தேன் என்ற வழக்கு எழாதிருக்க, சரோஜா ஒன்றும் நான் ஒன்றுமாக ஒரே நேரத்தில் நீட்டினோம்.

இருவரும் மரத்தடியில் நின்று நடுப்பக்கத்தை விரித்தார்கள். சவரிமுத்து விரலால் வரப்பைத் தடவி, மடிப்பு வரை வந்து, நிறுத்தினார். ஆரோக்கியசாமி தம் பக்கத்தையும் பார்த்தார். அண்ணன் பக்கத்தையும் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மறுபடியும் இருண்டது.

“இன்னாங்கய்யா, மூஞ்சி அண்ணனுக்கு, முதுகு எனக்கா?”

நான் வாய் திறப்பதற்குள் சவரிமுத்து பேசினார். தம்பியை நேராகப் பார்த்துப் பேசினார். பல வாரங்களில் அவர் தம்பியோடு பேசிய முதற்சொல் அது என்று சூசையம்மாள் பிற்பாடு கூறினார்.

“சொரிஞ்சி வுடுறா. ஒனக்குத்தான் வேற வேல இல்ல.”

தம்பியின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அதை மறைக்கச் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, சற்று விலகிப் போய் யாரையோ அழைத்தார். ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை.

“அலோ, ரம்பம் வேணாம்ப்பா. இல்ல, இல்ல, நீ வராத. மரத்துல ரெண்டு இரும்புப் பின்னு கீது. ஒன் ரம்பம் ஒடஞ்சிடும்.”

ஒரு வேண்டுகோள்

அந்த லேமினேஷன் தாளைத் திருப்பித் தருமாறு சவரிமுத்துவைக் கேட்டுப் பார்த்தேன். தரவில்லை. “இருக்கட்டுங்க, எங்கப்பன் மரம் அழகா வந்துக்கீது” என்று துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அவர் அதைக் காட்டி எவரோடும் வழக்காட மாட்டார் என்று நான் உறுதியாக அறிவேன். ஆயினும் லேமினேஷன் செய்த தாள் மனிதரைவிட நெடுநாள் இருக்கும். அவர் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் ஒருநாள் அதைக் கண்டெடுத்து, இது நில அளவர் ஒருவர் வரைந்த படமல்லவா என்று ஏதேனும் ஓர் அலுவலகத்தின் மேசையில் வைக்கக்கூடும். அன்று நான் சாட்சி சொல்ல இருக்க மாட்டேன்.

ஆகையால், ஐயா, அம்மையீர், முதற்பதிப்பில் பலாமரத்தை நகர்த்தியவன் நான். நகர்த்தியது அச்சகத்துப் பின்னுக்காக. மரம் இருவருக்கும் பொது. இதை எழுத்தில் தந்துவிட்டேன். இந்தப் பக்கத்தைத் தயைகூர்ந்து கத்தரித்துப் பத்திரமாக வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.